ராசாத்தி துக்கத்துக்கு ஆயக்குடி போன கத

ராசாத்தி செத்துப்போன சேதி வந்தப்ப நான் வடமதுரையில எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து, இட்லிக்கு வெஞ்சனம் என்னன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சுச்சு. ஆயக்குடியில இருந்து அந்தோணி.

"மாப்ள, ராசாத்தி போயிட்டாடா."

எடுத்த இட்லி கையிலயே நின்னு போச்சு. "எப்ப?"

"நேத்து காலைல மரத்தடியில கெடந்தா. தொட்டுப் பாத்தேன், காஞ்ச சருகு கணக்கா இருந்தா. ஒரு மாசமா ஒண்ணும் திங்கல, கதவச் சாத்திக்கிட்டே கெடந்தா. இளைச்சு இளைச்சு போயிட்டா. துணியில சுத்தி மரத்தடியிலயே பொதச்சுட்டேன்."

ராசாத்தி யாருன்னு இப்பவே சொல்லிர்றேன், இல்லன்னா வேற என்னமோ நெனப்பீக. அவ ஒரு எட்டுக்கால் பூச்சி. வீட்டு மூலையில ஒட்டட கட்டுதே, அந்தச் சாதி இல்ல. விரிச்ச கை அகலம் இருப்பா. சாம்ப நெறம், முதுகுல மாக்கோலம் போட்ட மாதிரி கோடு, ஒடம்பெல்லாம் முடி. அந்தோணி தோட்டத்துப் புளியமரத்துல, ஆளு ஒசரத்துல ஒரு பொந்து இருக்கு, அதுல குடியிருந்தா. இந்தச் சாதி வலை விரிச்சு எர பிடிக்காது. பொந்துக்குள்ள பட்டுத்துணி விரிச்ச மாதிரி நூலால மெத்த போட்டு வச்சிருக்கும். இருட்டுற நேரம் வாசல்ல வந்து குந்தும். பக்கத்துல வர்ற கரப்பான், வெட்டுக்கிளி, பல்லி, எது கெடச்சாலும் லபக்குன்னு பிடிச்சு உள்ள இழுத்துக்கும். சீண்டுனா முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக் காட்டும். காலுக்கு அடியில பளிச்சுன்னு மஞ்சள் பூசியிருக்கும். வராதன்னு அர்த்தம்.

எனக்கும் அந்தோணிக்கும் இந்தச் சாதிகூடப் பழக்கம் எளவட்டத்துலயே உண்டு. ரெண்டு பேரும் குத்தகைக்காரருக்குப் புளி உலுக்கப் போவோம். பொந்து தெரிஞ்சா மொதல்ல குச்சியால ரெண்டு தட்டுத் தட்டணும். நான் ஒருக்கா தட்டாம கைய வச்சுட்டேன். தேளு கொட்டுன மாதிரி ஒரு வலி. ராவெல்லாம் கெண்டக்கால் சதை சுருட்டிச் சுருட்டி இழுத்துச்சு. பூச்சிக்கடிக்குப் பாக்குற ஆளு ஒருத்தர் உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெ கூடாது, கத்திரிக்கா கூடாதுன்னுட்டாரு. கடி தன்னால வத்திப்போச்சு. பத்தியம்தான் ஆளக் கொல்லப் பாத்துச்சு. அன்னிக்கு எனக்குக் கருவாட்டுக் கொழம்ப மோந்து பாக்கக்கூட விடாம முழுசா தின்னவன் இந்த அந்தோணி.

கல்யாணம் முடிச்சு மாமனார் ஊருன்னு ஆயக்குடிப் பக்கம் போனவன், கொய்யாத் தோட்டம் வாங்கி அங்கனயே தங்கிட்டான். தோட்டத்து நடுவுல ஒரு புளியமரம். அந்த மரத்து மேல அவனுக்கு ஒரு கிறுக்கு. அவன் மகன் சகாயம்தான் இப்ப தோட்டத்தப் பாக்குறான். நல்ல பய, கணக்கான ஆளு. அவனுக்குப் புளியமர நெழல் ஆகாது. நெழல் விழுந்த கொய்யாவுல பூவே பிடிக்காது. மரத்த எடுத்துரலாம்னு அப்பங்கிட்டக் கேட்டுருக்கான். இவன் முடியாதுன்னுருக்கான். சண்ட முத்தி, கடைசியில அந்தோணிதான் சொன்னானாம்: "ராசாத்தி உசுரோட இருக்குற வரைக்கும் விட்டுரு. அதுக்கப்புறம் உன் இஷ்டம்." சகாயமும் மரத்தத் தொட்டுச் சரின்னுட்டான். பூச்சிக்கு ஆயுசு என்ன ரெண்டு வருஷம் இருக்குமான்னு நெனச்சிருப்பான் பாவம். பொட்டச்சிக பத்துப் பன்னெண்டு வருஷம் சாதாரணமா இருக்கும்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்.

"வியாழக்கெழம மெஷின்காரன் வர்றான், மரம் அறுக்க"ன்னான் அந்தோணி போன்ல. "சொன்ன சொல்லு முடிஞ்சுபோச்சு. நான் ஒண்ணும் கேக்க முடியாது. நீ வந்து மரத்த ஒருக்கா பாத்துட்டுப் போ."

சாயங்காலம் நல்ல மழ. பாத்ரூமுக்குப் போனேன், செவுத்துல ஒருத்தன் ஒட்டிக்கிட்டு இருந்தான். அதே சாதி. ராசாத்தி அளவு ஒடம்பு இல்ல, ஆனா காலு நீட்டம் நீட்டமா, ஆளு ஒல்லி. மழக்காலத்துல இப்பிடி ஒண்ணு ரெண்டு வீட்டுக்குள்ள வர்றது உண்டு. நான் அவனப் பாத்தேன், அவன் என்னையப் பாத்தான். அவனுக்குக் கண்ணு எட்டு இருந்தும் பார்வ மட்டம்னு சொல்லுவாக, எனக்குக் கண்ணு ரெண்டு, ஒண்ணுல பொர. சமமான சந்திப்புதான்.

அப்பத்தான் எனக்கு ரோசன வந்துச்சு. பொந்து காலியாக் கெடக்கு. இவனக் கொண்டுபோயி அதுல குடிவச்சா மரம் தப்பிக்குமே. சொம்பக் கவுத்தி, அடியில காலண்டர் அட்டையச் சொருகி, காலி ஊறுகா டப்பாவுல தள்ளி மூடுனேன். மூடியில சாக்கு ஊசியால ஓட்ட. உள்ள கொஞ்சம் தேங்கா நாரு.

எங்க வீட்டுக்காரி பாத்துட்டு, "சாவு வீட்டுக்கு மால வாங்கிட்டுப் போவாக. நீங்க என்ன, வாரிசு வேலைக்கு ஆளு கூட்டிட்டுப் போறீகளா"ன்னா.

அதேதான்னேன்.

"போறது போங்க, செவ்வாக்கெழம துக்கம் கேக்கப் போகாதீக. ஒண்ணத் தொட்டு ஒண்ணு வரும்."

"அந்தோணி வேதக்காரன், அவனுக்கு ஏது செவ்வாக்கெழம?"

"அவருக்கு இல்ல, நமக்கு இருக்குல்ல."

அதனால செவ்வாக்கெழம செம்பட்டியில மக வீட்டுக்குப் போற மாதிரி கெளம்புறது, புதன்கெழம அங்கருந்து துக்கத்துக்குப் போறதுன்னு முடிவாச்சு.

டப்பாவத் துண்டுல சுத்தி மஞ்சப்பையில போட்டுக்கிட்டு திண்டுக்கல்லு வந்து எறங்குனேன். வயித்துல பசி. எதிர்த்தாப்புல பிரியாணி வாசம். மனசு கேட்டுச்சு, ஒரு எழவுக்குப் போற வழியில பிரியாணி திங்கலாமான்னு. வயிறு சொல்லுச்சு, இன்னிக்கு நீ மக வீட்டுக்குத்தான போறன்னு. சீரகசம்பா அரிசி, பொடிசா வெட்டுன ஆட்டுக்கறி, மேல ஒரு கரண்டி தால்சா. பைய மடியிலயே வச்சுக்கிட்டுத் தின்னேன். எதுத்தாப்புல இருந்த ஆளு, "பைய கீழ வைங்க பெரியவரே, யாரு தூக்கப் போறா"ன்னாரு. யாரும் தூக்கிறக் கூடாதேன்னு அவுக நன்மைக்குத்தான் வச்சிருக்கேன்னு நான் சொல்லல. 

செம்பட்டியில மக செல்வி வாசல்லயே நிறுத்துனா. அவ அம்மா போன் போட்டு எல்லாம் சொல்லிட்டா.

"சாவுக்குப் போற வழியில என் வீட்டுக்குள்ள வரலாமாப்பா?"

"இன்னிக்கு நான் சாவுக்குப் போகலம்மா. மகளப் பாக்க வந்திருக்கேன். சாவுக்குப் போறவன் நாளைக்குத்தான் கெளம்புவான்."

"அது சரி, அது யாரு கூட?"

"நாளைக்குப் போறவனுக்குத் தொண."

திட்டிக்கிட்டே உள்ள விட்டா. டப்பாவ பிரிட்ஜ் மேல வச்சேன். பொழுது சாயவும் தோசக்கல்லுல மாவ ஊத்திக்கிட்டு இருந்தவ திரும்பிப் பாத்தா. "அப்பா, உங்க போன் வைபரேட் ஆகுது பாருங்க."

போன் என் சட்டைப்பையில சும்மா இருந்துச்சு. துண்ட விலக்கிப் பாத்தா டப்பாவுக்குள்ள இவன்தான். முன்னாடி இருக்குற ரெண்டு குட்டக் கையாலயும் பிளாஸ்டிக்கத் தட்டுறான். டர்ருன்னு ஒரு தட்டு, அப்புறம் காது குடுத்துக் கேக்குற மாதிரி அசையாம நிப்பான். மறுபடி டர்ரு. அந்தக் குட்டக் கை நுனி ரெண்டும் மொட்டு மாதிரி உருண்டு இருந்துச்சு. வெளிய விடச்சொல்றான்னு நெனச்சேன். பசியாக்கும்னு செல்வி ஒரு கரப்பானப் பிடிச்சுப் போட்டா. அவன் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு அவ சுட்ட தோசைக்குப் பூண்டுச் சட்னி. நான் எத்தன தின்னேன்னு கேக்காதீக.

மறுநா பழனி போற பஸ். எனக்கு ஒட்டன்சத்திரம் தாண்டுனா அது அசலூரு இல்ல, அசல் நாடு. பேச்சே மாறிரும். எங்க பக்கத்து கண்டக்டரு, "ஏ பெருசு, உள்ள போ"ம்பாரு. அங்கிட்டு, "கொஞ்சம் உள்ளுக்குப் போங்க சாமி"ங்கிறாரு. ரெண்டு பேருக்கும் கூட்டம் ஒரே கூட்டம்தான், தள்ளுறதும் ஒரே தள்ளுதான். ஆனா மரியாதையா தள்ளுனா வலி கொறச்சலாத்தான் இருக்கு.

பக்கத்துல ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும், தலையில கனகாம்பரம். மடியில அதே மாதிரி ஒரு மஞ்சப்பை. யாரு வீட்டுக் கல்யாணத்துலயோ தேங்கா போட்டுக் குடுத்தது.

"எங்கீங்க போறீங்க?"

"ஆயக்குடிக்கு. ஒரு துக்கம்."

"அடடா. யாருங்க, சொந்தமுங்களா?"

"கூட்டாளி வளத்தது."

நாயின்னு நெனச்சுக்கிட்டு அந்தம்மா உச்சுக் கொட்டுச்சு. அவுக வீட்டு நாயி போனப்ப அவுக வீட்டுக்காரர் சோறு திங்கலன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. எனக்குச் செத்த நேரம் கண்ணசந்துருச்சு. முழிச்சா ஒட்டன்சத்திரம், பஸ் நிக்குது, பக்கத்து சீட்டு காலி. காய்கறி மார்க்கெட்டு லாரிக நெரிசல்ல பஸ் நகர மாட்டேங்குது. இவன் எப்பிடி இருக்கான்னு பைக்குள்ள கைய விட்டேன். துண்டக் காணோம். டப்பா இருந்துச்சு. தெறந்தா எலுமிச்ச ஊறுகா.

அந்தம்மா பைய மாத்தி எடுத்துட்டு எறங்கிருச்சு. மரத்துக்கு இருந்த ஒரே ஒரு வழி அது. அதவிட, அந்தம்மா மத்தியானம் தயிர்சோத்தப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு டப்பாவத் தெறந்தா என்ன ஆகுறது? எந்திரிச்சு, எறங்கணும், நிறுத்துங்கன்னேன். நின்னுக்கிட்டு இருக்குற பஸ்ஸ எப்பிடிச் சாமி நிறுத்துறதுன்னாரு கண்டக்டரு.

அதுக்குள்ள சன்னலுக்கு வெளிய கனகாம்பரம் தெரிஞ்சுச்சு. பைய ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அந்தம்மா நிதானமா நடந்து வருது.

"ஏனுங்க பெரியவரே, உங்க ஊறுகாய்க்குக் காலு மொளச்சிருக்குதுங்க."

பஸ்ஸே எட்டிப் பாத்துச்சு. சன்னல் வழியா பைய மாத்திக்கிட்டோம். பயப்படலையாம்மான்னு கேட்டேன். "மூடி மேல கைய வச்சனுங்க, உள்ளுக்குள்ள டர்ருன்னுச்சு. ஊறுகா எங்கீங்க டர்ருங்கும், தெறக்காம வெளிய இருந்தே பாத்தனுங்க"ன்னு சொல்லிட்டு, அவுக டப்பாவுல இருந்து ரெண்டு துண்டு ஊறுகாய ஒரு கவருல போட்டு என் கையில குடுத்துட்டுப் போயிருச்சு. பஸ் நகந்துச்சு. அதுக்கப்புறம் ஆயக்குடி வரைக்கும் என் பக்கத்துல ஒருத்தரும் உக்காரல. காலு நீட்டிக்கிட்டு ராசா மாதிரி போனேன்.

ஆயக்குடியில எறங்கவுமே கொய்யாப்பழ வாசம். ரோட்டு ஓரமெல்லாம் கூடை கூடையா. எங்க பக்கம் கொய்யான்னா வீட்டுக் கொல்லையில அணிலு கடிச்சது போக மிச்சம். அங்க அது ஊரு சோறு.

தோட்டத்துக்குள்ள போனேன். அந்தோணி புளியமரத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். என்னையப் பாத்தான், வான்னு சொல்லல. எழவு வீட்டுல வாங்கன்னும் கூப்பிடக் கூடாது, போறப்ப போயிட்டு வாரேன்னும் சொல்லக் கூடாது, தெரியும்ல. நானும் பேசாம போயி அவன் தோளத் தொட்டுட்டுப் பக்கத்துல உக்காந்தேன். காலடியில சின்னதா ஒரு மண்மேடு. புளியங்குச்சி ரெண்ட வச்சுக் கட்டுன சிலுவ. நாலு செவ்வந்திப்பூ.

"ஒனக்கு மூள இருக்கா"ன்னேன்.

"இல்ல"ன்னான்.

அவன் மருமக ரீட்டா கருப்பட்டிக் காப்பியும், உப்பு மொளகாப்பொடி தூவுன கொய்யாவும் கொண்டாந்துச்சு. கூடவே சகாயமும் வந்தான். நான் சுத்தி வளைக்கல. டப்பாவ எடுத்து வச்சு, "இந்தாடா வாரிசு. பொந்துக்கு அடுத்த ஆளு கொண்டாந்துட்டேன், மெஷின திருப்பி அனுப்பு"ன்னேன்.

சகாயம் டப்பாவப் பாத்தான், அப்பனப் பாத்தான். சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல.

"பெரியப்பா, நான் சொன்னது ராசாத்திக்குங்க. அவ இருந்த வரைக்கும் ஒரு கெளைய ஒடச்சிருப்பனா, கேளுங்க. வாரிசுக்கெல்லாம் நான் வாக்குக் குடுக்கலீங்க. இன்னிக்கு ஒண்ணு கொண்டாருவீங்க, அது போனா இன்னொண்ணு கொண்டாருவீங்க. என் கொய்யா எப்பத்தான் வெயிலப் பாக்குறது?"

ஞாயம்தான்.

"அவன் சொல்றது சரிதான் மாப்ள"ன்னான் அந்தோணி. "நான் ராசாத்தின்னுதான் சொன்னேன். பூச்சின்னு சொல்லல."

ஒரு வார்த்தை கெஞ்ச மாட்டான், அந்தோணி அப்பிடிப்பட்ட ஆளு. கெஞ்சியிருந்தாக்கூடப் பரவால்ல. மரப்பட்டையில கைய வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கான். நான் கொய்யாத் தட்ட நகத்தி வச்சேன். விடிஞ்சா மெஷின் வந்துரும்.

"சரி, இவ்வளவு தூரம் வந்துட்டான். இன்னிக்கு ஒரு பொழுது அந்த மரத்துல இருந்துட்டுப் போகட்டும்"னேன். அதுக்கென்னங்க, விடுங்கன்னான் சகாயம்.

வெயில் தாந்து, கொய்யாவுக்கு வவ்வா வர்ற நேரம். மரத்துல டப்பாவச் சாச்சு மூடியத் தெறந்தேன். செத்த நேரம் அசையல. அப்புறம் ஒவ்வொரு காலா வெளிய வச்சு, பட்டையத் தடவித் தடவி ஏறுனான். பொந்து வாசல்ல நூல் கதவு பாதி கிழிஞ்சு தொங்குச்சு. சாகப்போறப்ப ராசாத்தி கதவக் கிழிச்சுக்கிட்டு வந்து கீழ விழுந்துருக்கான்னு அந்தோணி காட்டுனான். இவன் அந்தக் கிழிஞ்ச நூலத் தொட்டதுதான் தாமசம், ஒடம்பெல்லாம் ஒரு ஒதறு ஒதறுனான். பெறகு ஆரம்பிச்சான். டர்ரு. நின்னான். டர்ரு. காஞ்ச பட்டைங்கிறதால தீப்பெட்டிய நகத்தால தட்டுற மாதிரி தெளிவாக் கேட்டுச்சு.

"யாருக்குடா தட்டுற"ன்னான் அந்தோணி மெதுவா. "வீட்ல ஆளு இல்லடா."

அப்ப உள்ளருந்து டொக் டொக்குன்னுச்சு.

நாங்க நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். மறுபடி இவன் டர்ரு. உள்ளருந்து டொக் டொக். கொஞ்சம் கொஞ்சமா வாசல்ல ரெண்டு காலு வந்துச்சு, அப்புறம் முழு ஆளும். எம்மாடி, என்னா பகட்டு. நெறமெல்லாம் புதுசா, வெள்ளையும் கருப்பும் பளபளன்னு, காலுக்கடியில மஞ்சள் அப்பத்தான் அரைச்சுப் பூசுன மாதிரி.

"ராசாத்தி"ன்னான் அந்தோணி.

சகாயம் செல்போன் லைட்ட அடிச்சு, குனிஞ்சு நல்லாப் பாத்தான். "அப்பா, இது ராசாத்தி இல்லீங்க."

"என்னடா?"

"ராசாத்திக்கு எடது பக்கம் ஒரு காலு கெடையாது. போன வருசம் ஓணான்கூட மல்லுக்கட்டுனதுல போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. இதுக்கு எட்டுக் காலும் இருக்குது. எண்ணிப் பாருங்க. நீங்க பொதச்சதுக்கு எத்தன காலு?"

அந்தோணி எண்ணுனான். எட்டு. பொதச்சதுக்கு ஏழுதான்னு அவனே சொல்லவும் செஞ்சான். பொய் சொல்ல அவனுக்கு அப்பவும் வரல. பொந்து காலின்னு வேற எவளோ வந்து குடியேறிட்டாளாக்கும்னு முணுமுணுத்துக்கிட்டு அப்பிடியே உக்காந்துட்டான்.

எனக்கு என்னமோ இடிச்சுச்சு. காஞ்ச சருகு மாதிரி இருந்தான்னு போன்ல சொன்னானே. செத்த பூச்சி காயறதுக்கு நாளாகுமே. அன்னிக்குக் காலைல செத்தது அன்னிக்கே எப்பிடிச் சருகாகும்?

"அந்த மேட்டத் தோண்டு"ன்னேன்.

"அடக்கம் பண்ணதத் தோண்டக் கூடாது மாப்ள."

"அடக்கம் பண்ணியிருந்தாத்தான?"

ரீட்டாதான் சிலுவய எடுத்து மரியாதையா ஓரமா வச்சுட்டு, கரண்டியால தோண்டி, துணிய விரிச்சுச்சு. முடி, காலு, பல்லு, எல்லாம் அப்பிடியே ராசாத்திதான். ஏழு காலு. ஆனா முதுகு ஓடு மட்டும் டப்பா மூடி கணக்கா தனியாத் தெறந்து கெடந்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல. லைட்டு அந்தப் பக்கம் தெரியுது.

வயல்ல நண்டு பிடிச்சவனுக்கு இது தெரியணும். எத்தன நண்டு ஓட்டக் கழட்டிப் போட்டுட்டு வளைக்குள்ள மெத்துன்னு ஒளிஞ்சுக் கெடக்கப் பாத்திருக்கேன். பாம்பு சட்ட உரிக்கிறதப் பாத்திருக்கேன். புளியமரத்துல இவுகளோட பாதி வாலிபத்தக் கழிச்சிருக்கேன். ஆனா இவுகளும் சட்ட மாத்துவாகன்னு ரெண்டு மடப்பயலுக்கும் தோணல. அந்தோணி அவ சேலைய அடக்கம் பண்ணிருக்கான். நான் அந்தச் சேலைக்குத் துக்கம் கேக்க பஸ் ஏறி வந்திருக்கேன்.

"அப்ப அந்த எட்டாவது காலு?" சகாயம் விடல.

ரீட்டா போன்ல தேடி வாசிச்சுச்சு. இதுக்கு டாரன்டுலான்னு பேராம். சட்ட உரிக்கிறதுக்கு முன்னாடி பல நாளு திங்காதாம். வாசல நூலால அடைச்சுக்குமாம். உள்ள மல்லாக்கப் படுத்து ஒவ்வொரு காலா உருவி எடுக்குமாம். முடிஞ்சதும் பழைய சட்டைய வெளிய தள்ளிட்டு, ஒடம்பு எறுகுற வரைக்கும் தலையக் காட்டாதாம். அப்புறம் ரீட்டா கொஞ்சம் நிறுத்தி, சத்தமா வாசிச்சுச்சு: "போன காலு அடுத்த சட்டையில திரும்ப மொளைக்கும், மொத தடவ சின்னதா இருக்கும்."

சகாயம் மறுபடி லைட்ட அடிச்சான். எடது பக்கம், மூணாவது. மத்த காலவிட மெலிசா, குட்டையா, வெளுத்த நெறத்துல ஒரு காலு. பச்சப்புள்ள காலு மாதிரி. அதையும் ஊனித்தான் நின்னுக்கிட்டு இருந்தா.

ரொம்ப நேரம் பாத்தான். அவன் லைட்ட அணைச்சுட்டு, "சட்டையத்தான கழட்டிப் போட்டிருக்கா. ஆளு அவதான்"னு சொல்லி மெஷின்காரனுக்குப் போன் போட்டான். போன் எடுக்கல. காலைல வந்தா சொல்லிக்கலாம்னான்.

அதுக்குள்ள எங்க ஆளு வாசல்ல அவளுக்கு நேரா நின்னு தட்டிக்கிட்டே இருந்தான். ரீட்டா வாசிச்சதுல இன்னொண்ணும் வந்துச்சு. ஆம்பள வயசுக்கு வந்துட்டா வீடு வாச விட்டுட்டு, சோறு தண்ணி நெனப்பில்லாம, பொண்ணு தேடி அலைவானாம். அதுக்கப்புறம் அவனுக்கு ஆயுசு சில மாசந்தானாம். பொண்ணுக்குப் பிடிக்கலன்னா அவனையே தின்னுபுடுறதும் உண்டாம். நான் வாரிசுன்னு கூட்டியாந்தது மாப்பிள்ளைய.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல விருந்தா, இல்ல இவனே விருந்தான்னு தெரியலையே"ன்னேன்.

"உன்னைய மாதிரி ஒல்லிப் பயலாத்தான் இருக்கான். திங்க மாட்டா"ன்னான் அந்தோணி. நான் வந்ததுக்கு அப்பத்தான் மொதல்ல சிரிச்சான்.

பொண்ணும் மாப்பிள்ளையும் பொந்துக்குள்ள போனாக. நாங்களும் வீட்டுக்குள்ள போனோம். ரீட்டா கோழி அடிச்சுச்சு. துக்க வீட்டுல கோழியான்னு நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். யாருக்குத் துக்கமுங்கன்னு திருப்பிக் கேட்டுச்சு. பஸ்ல அந்தம்மா குடுத்த ஊறுகாய நான் பங்கு வச்சேன்.

விடிஞ்சதும் மொதல்ல மரத்தடிக்குத்தான் ஓடுனோம், ஓடுனோம்னா எங்க வயசுக்கு ஓட்டம். மாப்பிள்ளை பொந்துக்கு ஒரு மொழம் தள்ளி, பட்டை எடுக்குல பதவிசா ஒட்டிக்கிட்டு இருந்தான். காலு எட்டும் பத்திரம். கதவுல புதுசா நூலு ஓடியிருந்துச்சு.

மெஷின்காரன் சொன்ன நேரத்துக்கு வந்துட்டான். சகாயம் அவன வெறுங்கையா அனுப்பல. மரத்தச் சுத்தி வந்து நிதானமாப் பாத்துட்டு, கெழக்க கொய்யா மேல சாஞ்சு கெடந்த ஒத்தக் கெளைய மட்டும் அறுக்கச் சொன்னான். பொந்து மேக்க இருக்கு, அங்கிட்டு அதிர்வு போகாது. கெளை விழுந்ததும் நாலஞ்சு கொய்யா மரத்துல பளீர்னு வெயில் எறங்குச்சு. அந்தோணி அதப் பாத்துட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்"னான்.

"நீங்க ஒரு எல கிள்ள விட்டீங்களா"ன்னான் சகாயம்.

பழைய சண்ட மறுபடி கெளம்புறதுக்குள்ள நான் பையத் தூக்கிக்கிட்டேன். காலி ஊறுகா டப்பாவ அந்தோணி பிடுங்கிக்கிட்டான், ராசாத்தியோட பழைய சேலைய அதுலதான் வைக்கணுமாம். சிலுவைய என்ன செய்யிறதுன்னு அவனுக்குக் கொழப்பம். வீட்டுக்குள்ள மாட்டுடா, வீணாப் போகாதுன்னேன்.

தோட்டத்து வாசல் வரைக்கும் மூணு பேரும் கூடவே வந்தாக. பழக்கதோசம், நான் ஒண்ணும் சொல்லாம திரும்பி நடந்துட்டேன். துக்கத்துக்கு வந்தவன் அப்பிடித்தான போகணும். நாலு எட்டு வச்சவன் அப்பிடியே நின்னேன். திரும்பி, ரோட்டுல போறவன் பாக்குற அளவுக்குச் சத்தமாச் சொன்னேன்.

"ஏலே அந்தோணி, போயிட்டு வாரேன்."

"வாடா"ன்னான் அவன்.